பதினோராம் மாடி, வடக்கு மூலை

ஜன்னலை மூட வேண்டாம், மாஸ்டர். தூசி வந்தால் வரட்டும். பதினெட்டு வருடம் மூடிய ஜன்னலுக்குள் இருந்துவிட்டு வந்தவன் நான்.

கொடிகாமம் ரயில் ஸ்டேஷனில் இறங்குகிறேன். இல்லையில்லை, எனக்கு அங்கே சொந்தம் ஒருவரும் கிடையாது. என்னுடையது மானிப்பாய். கொடிகாமத்தில் ஒரு அம்மாவைப் பார்க்க வேண்டும். இராசமலர் என்று பெயர். அவருடைய மகள் தர்சிகா கனடாவில் நாங்கள் இருந்த கட்டடத்தில்தான் இருந்தாள். போன வருடம் தை மாதம் செத்துப்போனாள். அந்த அம்மா எனக்கு போன் எடுத்து ஒரு கேள்வி கேட்டார். "நேரிலை வந்து சொல்லுங்கோ தம்பி, போனிலை வேண்டாம்" என்றும் சொன்னார். அதுதான் போகிறேன். ஒரே கேள்வி. பதில் சொல்லி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

கேள்வியைச் சொல்கிறேன், கேளுங்கோ. தர்சிகா பிள்ளை பெற்றுப் பதினேழாம் நாள். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காய்வதற்காக வீட்டுக்குள் ஒரு சட்டியில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, கதவை ஜன்னலை எல்லாம் துணி வைத்து அடைத்துக்கொண்டு இருந்தாள். கரித்தணலிலிருந்து ஒரு வாயு வரும், மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதில் போய்விட்டாள். பகல் பதினொரு மணி. புருஷன் சஜீவன் பிள்ளையை டாக்டரிடம் காட்டக் கொண்டுபோயிருந்தான், அதனால் பிள்ளை தப்பியது. தணல் வைக்கச் சொன்னது தாய். போனில் சொன்னது. இப்போது தாய் என்னைக் கேட்கிறார்: "தம்பி, அவளுக்கு அந்த வீட்டுக்குள்ளை உண்மையிலை குளிர் இருந்ததோ? தாங்கேலாமல் வைச்சவளோ? இல்லாட்டி நான் வை வை எண்டு நச்சரிச்சபடியால் வைச்சவளோ?"

இதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று பார்க்கிறீர்கள். நான் அந்தக் கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். ஏழு வருடம். சம்பளமில்லாத வேலை. அதோடு, இந்தக் கேள்வியைத் தர்சிகாவிடம் நேரே போய் நின்று கேட்டவனும் நான்தான். நகரசபைக்காகக் கேட்டேன்.

இருபத்திரண்டு மாடி, மாஸ்டர். இருநூற்றுப் பதினாறு வீடு. அதில் நூற்று நாற்பது வீட்டில் எங்கள் சனம். எல்லாம் வாடகை. கீழ்த்தளத்தில் இரண்டு பொயிலர், ஒவ்வொன்றும் ஒரு லொறி அளவு, காஸில் எரியும். அதில் கொதிக்கிற தண்ணீர் குழாய் வழியே எல்லா வீட்டுச் சுவரோரமும் ஓடும். அந்த நாட்டில் அது இல்லாமல் மனிசர் இருக்க முடியாது. எங்கள் பொயிலருக்கு ஐம்பது வயது. தெற்குப் பக்க வீடுகளில் வேர்க்கும், வடக்குப் பக்கத்தில் விறைக்கும். என் வீடு தெற்கு. எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அப்போதுதான் நகரசபை ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரிய கட்டடங்கள் காஸை விட்டுவிட்டு மின்சாரத்தில் சூடேற்ற வேண்டும், செலவில் பெரும்பங்கை நகரம் கொடுக்கும். நல்ல திட்டம். நான் இன்றைக்கும் சொல்லுவேன், நல்ல திட்டம். எத்தனை ஆயிரம் பொயிலர் எரிகிறது அந்த நகரத்தில், அந்தப் புகை எல்லாம் எங்கே போகிறது? நான் படித்தவன், எனக்கு இது விளங்கும். எங்கள் சனத்துக்கு விளங்க வைப்பதுதான் பாடு. அறிவித்தல் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். நான் இருந்து தமிழில் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டுவேன். "செயலாளர் அண்ணை எழுதினால்தான் விளங்குது" என்று சனம் சொல்லும். அதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

முதல் சுற்றில் ஆறு கட்டடத்துக்குத்தான் உதவி. கேட்டு நின்றது நாற்பது கட்டடம். ஒரு நிபந்தனை வேறு. சுவரில் ஈரம், ஜன்னலில் காற்று ஒழுக்கு என்று முறைப்பாடு உள்ள கட்டடமென்றால் சொந்தக்காரர் முதலில் அதைத் திருத்திவிட்டு வர வேண்டும். எங்கள் சொந்தக்காரர் ஒரு பல்பு மாற்றுவதற்கே மூன்று கடிதம் கேட்கிற ஆள். அவர் திருத்தி, நாங்கள் வரிசையில் நின்று, நடக்கிற காரியமா? ஆகவே முறைப்பாடு இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் யோசித்தது. நாலு பேருக்கு நல்லது நடக்க வேண்டுமென்று யோசித்தேன்.

விசாரிக்க ஒரு பொறியியலாளர் வந்தா, ஜோவான் என்று. நல்ல பெண். வீடு வீடாக மூன்று கேள்வி. குளிர்காலத்தில் வீடு போதிய சூடாக இருக்கிறதா? வேறு ஹீற்றர் பாவிக்கிறீர்களா? சுவரில் ஈரம் உண்டா? எங்கள் சனத்தின் வீடுகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக நான் கூடப் போனேன். முதல்நாள் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். "ஹீற்றரை அலுமாரிக்குள்ளை வையுங்கோ. சுவரைத் துடையுங்கோ. ஒண்டும் சொல்லிக் குழப்பாதேங்கோ."

சொல்லத் தேவையே இருக்கவில்லை, மாஸ்டர். உங்களுக்குத் தெரியாததா? பதிவு கேட்டு வாசலில் வந்து நிற்கிற ஆமிக்காரனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. எத்தனை பேர்? நாலு பேர் ஐயா. ஏதும் பிரச்சினையோ? ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. கடல் தாண்டிப் போனால் மட்டும் அது மாறுமா? ஜோவான் கதவைத் தட்டுகிறா, வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைக்கிறார், "நல்ல சூடு, நல்ல சூடு" என்கிறார். ஒன்பதாம் மாடிக் கந்தையாண்ணை கம்பளித் தொப்பியும் போட்டு மஃப்ளரும் சுற்றிக்கொண்டு வந்து "சூடு தாங்கேலாமல் கிடக்கு" என்றார். ஜோவான் தொப்பியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. "அது அவர்களுடைய சமய வழக்கம்" என்றேன். அவ உடனே மன்னிப்புக் கேட்டா. பிறகு கந்தையாண்ணை என்னைக் கண்ட இடமெல்லாம் கேட்பார், "என்ன தம்பி, நான் எந்தச் சமயமெண்டு சொன்னனீ?" என்று. சிரிப்புத்தான்.

பதினோராம் மாடி, வடக்கு மூலை. கதவைத் திறந்தது தர்சிகா. சஜீவன் வேலைக்குப் போயிருந்தான். பேக்கரியில் வேலை. அவள் கனடாவுக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை, வயிற்றில் ஒரு மாதம். உடுப்புத் தோய்க்கிற அறைக்கு முதல்நாள் அவள் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன். அவள் சொன்னாள், எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணை, வடிவாய்ச் சொல்லுங்கோ இவவுக்கு. இந்தச் சுவரை ஒருக்காத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. இரவிலை இரண்டு சோடி சொக்ஸ் போட்டுத்தான் படுக்கிறம். தையிலை வீட்டுக்குள்ளை மூச்சுவிட்டால் புகையாய்த் தெரிஞ்சது. காஸ் அடுப்பைக் கொளுத்திவிட்டு அதுக்கு முன்னாலை கதிரை போட்டு இருக்கிறனான். இனிப் பிள்ளையும் வரப்போகுது. ஒரு பிள்ளையை இதுக்குள்ளை எப்பிடியண்ணை வளர்க்கிறது?"

ஜோவான் என்னைப் பார்த்தா.

நான் சொன்னேன்: "வீடு தனக்கு வசதியாக இருக்கிறதாம். பிள்ளை பிறக்கப் போகிறதாம். நகரசபைக்கு நன்றி சொல்லச் சொன்னா."

"அவ்வளவுதானா? நிறையப் பேசினாவே."

"தமிழ் நீளமான மொழி" என்றேன்.

ஜோவானுக்குச் சந்தோஷம். தர்சிகாவின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னா. தர்சிகா அதைப் பார்த்துவிட்டுத் தன் கதை முழுக்க விளங்கிவிட்டதென்று நினைத்திருக்க வேண்டும், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாங்ஸ் மிஸ், தாங்ஸ் மிஸ்" என்று இரண்டு தரம் சொன்னாள். லிஃப்டுக்குப் போகும்போது ஜோவான் சொன்னா, இன்றைக்குப் பார்த்ததில் இந்தப் பெண்தான் மனதைத் தொட்டாள் என்று.

நான் பொய் சொல்லவில்லை. சுருக்கிச் சொன்னேன். அடுப்பைக் கொளுத்திவிட்டு இருக்கிறேன் என்று அப்படியே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சொந்தக்காரர் அவர்களுக்கு வெளியேறச் சொல்லிக் கடிதம் கொடுத்திருப்பார். நான் அவளைக் காப்பாற்றினேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய மாற்றமில்லை.

வடை வேண்டுமா, மாஸ்டர்? சூடாக இருக்கிறது போல. வேண்டாமா? சரி.

எங்கள் கட்டடம் ஆறில் ஒன்றாக வந்தது. கவுன்சிலர் போன் எடுத்து வாழ்த்தினார். வேலை நாலு மாதம் நடந்தது. பொயிலர்களைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே கொண்டுபோனார்கள். கூரையில் பெரிய மெசின்கள், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சூடான காற்று ஊதுகிற ஒரு வெள்ளைப் பெட்டி. எந்த வீட்டுக்கு எந்த அளவுப் பெட்டி என்று அந்த மூன்று கேள்விக்கு வந்த பதிலையும் வைத்துத்தான் முடிவு செய்தார்களாம். குளிர் என்று பதில் வந்த மூலை வீடுகளுக்கு, கேள்வியே இல்லாமல், இரண்டாவது பெட்டி ஒன்று பூட்டினார்கள். ஐந்தாம் மாடியில் ஒரு சோமாலிக் குடும்பத்துக்கு இரண்டு பெட்டி. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தாங்களே சொன்னவர்கள். இது எனக்கு முன்னமே தெரியுமா? தெரிந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

காஸ் அடுப்புகளையும் எடுத்துவிட்டு மின் அடுப்பு வைத்தார்கள். அதோடு இன்னொரு காரியம். முன்பு காஸ் இருந்தபடியால் ஒவ்வொரு வீட்டிலும் விஷவாயு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்று இருந்தது. இனிக் கட்டடத்தில் நெருப்பே இல்லை, அது தேவையில்லை, கழற்றலாம் என்று சொந்தக்காரர் கடிதம் போட்டார். சட்டப்படி சரி. பழசாகி, நேரம் காலமில்லாமல் கத்திக்கொண்டும் இருந்தது. சங்கம்தான் சேர்த்துக் கொடுத்தது. சங்கம் என்றால் யார்? நான்தான். வீடு வீடாகப் போய்க் கழற்றினேன். தர்சிகா, "அது ஒரு மூலையிலை கிடக்கட்டுமே அண்ணை, சோறா கேக்குது?" என்றாள். நான் சிரித்துவிட்டுக் கழற்றினேன். ஒரு வீட்டுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்களே.

தை வந்தது. தெற்குப் பக்கத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. என் வீடு சொர்க்கம், மாஸ்டர். சத்தமில்லை, மணமில்லை. வடக்கு மூலைகளில்தான் கொஞ்சம் குறைவு. தர்சிகா ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்த பத்தாம் நாள் எனக்கு போன் எடுத்தாள். "அண்ணை, பெட்டியிலை பதினைஞ்சு டிகிரிதான் காட்டுது. ஹீற்றரைச் செருகினால் கரண்ட் விழுந்து போகுது. பிள்ளையின்ரை கால் எல்லாம் ஐஸ்." புது வயரிங்குக்கு அந்தப் பழைய ஹீற்றரும் பெட்டியும் சேர்ந்தால் தாங்காது, அது உண்மை. நான் சொன்னேன், "புது மெசின் பிள்ளை, பழக நாள் எடுக்கும். பிள்ளையைப் போர்வையாலை சுத்தி வை." அவள், "அப்ப அந்த மிஸ்ஸுக்கு நான் சொன்னது?" என்றாள். "எல்லாம் எழுதிக்கொண்டு போனவ, வருவினம்" என்றேன்.

எழுதத்தான் இருந்தேன். நகரசபைக்கு ஒரு கடிதம், ஆறுதலாக. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை திறப்புவிழா. கவுன்சிலர் வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார்கள், கீழே மண்டபத்தில் குத்துவிளக்கு. அந்த வாரத்திலா குளிர் என்று எழுதுவது? வெள்ளி கழியட்டும், திங்கள் எழுதலாம் என்றிருந்தேன். அவள் புதன்கிழமை போனாள்.

சட்டியைக் கண்டது சஜீவன். மண்சட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்தது. கோடைக்கு மைதானத்தில் இறைச்சி சுட வாங்கி வைத்திருந்த கரி. மின் அடுப்பு வளையத்தில் வைத்துப் பற்றவைத்திருக்கிறாள். நான் ஓடிப் போகும்போது அம்புலன்ஸ்காரர் ஜன்னலை உடைத்திருந்தார்கள். அவளுடைய தலைமயிர் அரைவாசி காய்ந்திருந்தது. அதை நான் பார்த்தேன். ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

விழாவை ஒரு கிழமை தள்ளி வைத்தார்கள். ஒரு நிமிடம் மௌனம், பிறகு பேச்சு. நகரசபை விசாரித்து அறிக்கை தந்தது. இயந்திரங்கள் திட்டமிட்டபடியே வேலை செய்தன, வீட்டினுள் கரி எரித்ததே காரணம். வீட்டினுள் கரி எரிக்காதீர் என்று எல்லா மொழியிலும் துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். தமிழுக்கு யாரைக் கேட்டார்கள்? என்னைத்தான். நல்ல தமிழ். எல்லா லிஃப்டிலும் ஒட்டினேன். பிழையில்லாமல் செய்தேன், மாஸ்டர். ஒரு எழுத்துப் பிழையில்லை.

சஜீவன் கேட்டான். செத்தவீடு முடிந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று கேட்டான். "அண்ணை, அண்டைக்குக் கேள்வி கேட்டு வந்தனீங்களெல்லே, இவள் குளிருதெண்டு ஏதேன் சொன்னவளோ? எனக்குச் சொன்னவள், அவைக்குச் சொல்லிப்போட்டன், இனிச் சரிவரும் எண்டு." நான் என்ன சொல்ல? பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவனிடம். "அப்பிடியொண்டும் எனக்கு ஞாபகமில்லை, தம்பி" என்றேன். அவன் திரும்பிப் போனான். பிறகு சங்கக் கூட்டத்துக்கு வருவதை விட்டுவிட்டான். எனக்கு வணக்கம் சொல்வதையும் விட்டுவிட்டான். மெல்ல மெல்ல மற்றவர்களும். லிஃப்டுக்குள் நான் ஏறினால் பேச்சு நிற்கும். கந்தையாண்ணை கூடத் தொப்பிக் கதை கேட்பதில்லை. ஒருவரும் என்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சொன்னால் பதில் சொல்லலாம். ஏழு வருடம் சம்பளமில்லாமல் ஓடித்திரிந்ததற்கு இதுதான் கைமாறு. குளிர் ஒத்துவரவில்லை என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்தவனை இந்த அம்மா பிடித்துக்கொண்டார். போனில் அவர் அழவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "அவள் மாட்டனெண்டுதான் சொன்னவள் தம்பி. அம்மா, இஞ்சை வீட்டுக்குள்ளை கரி கொளுத்தக் கூடாதெண்டவள். நான்தான், ஈரத் தலையோடை கிடந்து சன்னி வந்தால் ஆரடி பாக்கிறதெண்டு ஏசினனான். மூண்டு நாள் ஏசினனான். வீடு சூடாய்த்தான் இருந்ததெண்டு பேப்பரிலை போட்டிருக்காம், இஞ்சை சனம் சொல்லுது. அப்ப நான் ஏசினதுதானே? நான் சோறு திண்டு பதினாலு மாசம் தம்பி. கஞ்சிதான். உள்ளுக்கை இறங்குதில்லை."

என்ன மாஸ்டர் சொல்கிறீர்கள்? அவள் சொன்னதை அப்படியே தாயிடம் சொல்லலாமே என்றா?

சொல்லலாம். சொல்லலாம்தான். சொல்வது உங்களுக்கு லேசு. ஆனால் ஒரு பதிலோடு அது நிற்குமா? குளிருதென்று சொன்னவள் என்றால், யாரிடம் சொன்னவள் என்று வரும். சொன்னவளென்றால் ஏன் ஒருவரும் செய்யவில்லை என்று வரும். அறிக்கை பிழையா என்று வரும். அந்தத் தாய் இந்த வயதில் அதையெல்லாம் சுமக்க வேண்டுமா? ஒரு தாய்க்கு வேண்டியது மகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. நான் ரயிலேறினதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். இப்படிச் சொல்லலாமென்று இருக்கிறேன், கேளுங்கோ: "அம்மா, உங்கடை மகளைப் போலை பொறுமைசாலியை நான் காணேல்லை. ஒருநாள்கூட அவள் குளிரெண்டு முறைப்பட்டதில்லை." எப்படி? பெற்ற மனம் குளிர வேண்டாமா?

கிளிநொச்சி வருகிறது போல. உங்கள் குடை மேலே இருக்கிறது, மறக்காதீர்கள். இல்லை, எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, அப்படியே சொல்லலாமே என்று நீங்கள் கேட்டதில் பிழையில்லை.

வெறும் வாயால் சொன்னால் அவ நம்பாமல் விட்டாலுமென்று ஜோவான் நிரப்பின தாளின் பிரதியும் கொண்டு வந்திருக்கிறேன். இந்தாங்கோ, பையில் இருக்கிறது. நகரசபை முத்திரையோடு. பதினோராம் மாடி, வடக்கு மூலை, வசதியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்ல வேண்டும்.